இருபதாவது புத்தகத்துக்கும் பெயர் மிச்சம் இருக்க வேண்டும்: சிறுவர் நூல்தொடர்களின் தலைப்புக் கணக்கு

ஒரு தொடரில் 21 புத்தகங்கள். அதில் 14ஐப் படித்து முடித்த ஒரு பிள்ளை அலமாரி முன்னால் நிற்கிறது. எல்லா அட்டையிலும் அதே ஆட்கள், அதே எழுத்துரு, அதே நிறம். ஒன்றைக் கையில் எடுக்கும்போது அந்தப் பிள்ளைக்கு இரண்டே கேள்விகள்தான். “இது நம்ம ஆளுங்க கதையா?” “இதை நான் ஏற்கெனவே படிச்சுட்டேனா?”

முதல் கேள்விக்கு ஏறக்குறைய எல்லாத் தொடரும் பதில் சொல்லிவிடும். இரண்டாவது கேள்வியில்தான் பேர்பெற்ற தொடர்கள்கூடத் தடுமாறுகின்றன. தொடரின் தலைப்பு முறை நல்லதா கெட்டதா என்று தீர்மானிக்க இந்த இரண்டாவது கேள்வியைவிட நல்ல உரைகல் கிடையாது.

தொடர்நூல் தலைப்பு எதுவானாலும் அதற்குள் இரண்டு துண்டுகள் இருக்கும். எல்லாப் புத்தகத்திலும் மாறாமல் வருவது ஒன்று. அதை நிலைச்சொல் என்று வைத்துக்கொள்வோம். புத்தகத்துக்குப் புத்தகம் மாறுவது மற்றொன்று, அது மாறுசொல். ஹாரி பாட்டர் தொடரில் 1997 முதல் 2007 வரை வந்த ஏழு நாவல்களிலும் ‘ஹாரி பாட்டர் அண்ட் தி’ என்பது நிலைச்சொல். ரகசிய அறை, அஸ்கபான் கைதி, நெருப்புக் கோப்பை எல்லாம் மாறுசொற்கள். நிலைச்சொல் பழைய நண்பனைக் காட்டுகிறது, மாறுசொல் புதுக் கதையைக் காட்டுகிறது. பெயர் வைப்பவர்கள் முழுக் கவனத்தையும் நிலைச்சொல்லில் கொட்டிவிட்டு, மாறுசொல்லை அந்தந்த நேரத்துக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவதிலிருந்துதான் சிக்கல்கள் கிளம்புகின்றன.

ஐவரின் 21 தலைப்புகள்

எனிட் பிளைட்டனின் ‘ஃபேமஸ் ஃபைவ்’ தொடரைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். 1942இல் புதையல் தீவுக் கதையோடு தொடங்கி 1963இல் முடிந்தது; மொத்தம் 21 நாவல்கள். எல்லாத் தலைப்பும் ‘ஃபைவ்’ என்ற சொல்லில்தான் தொடங்கும். நான்கு பிள்ளைகளும் ஒரு நாயும் சேர்ந்து ‘ஐந்து’ என்ற எண்ணே பெயராகிவிட்டது. அதை அடுத்து வரும் வினையும் பன்மையில் வரும்: ஐவர் போகிறார்கள், ஐவர் மாட்டிக்கொள்கிறார்கள்.

நிலைச்சொல்லுக்கு இதைவிடச் சிறப்பாக ஒன்றைக் கேட்க முடியாது. ஒரே அசை, வாயில் உடனே நிற்கும், அகர வரிசையில் அடுக்கினால் 21 புத்தகமும் ஒரே இடத்தில் வந்து விழும்.

மாறுசொற்களை எண்ணிப் பார்த்தால் நிலைமை வேறு. 8 தலைப்புகளில் வினை ‘கோ’, அதாவது எங்கோ போகிறார்கள். 5 தலைப்புகளில் வினையே கிடையாது. ‘ஆன்’ என்ற முன்னிடைச்சொல்லோடு தீவிலோ பண்ணையிலோ நடைப்பயணத்திலோ இருக்கிறார்கள். 3 தலைப்புகள் ‘ஹேவ்’ வினையோடு வருகின்றன, 2 தலைப்புகள் ‘கெட் இன்டூ’. மிச்சம் 3 தனித்தனி அமைப்பு. ‘அகெய்ன்’ என்ற சொல் மூன்று தலைப்புகளில் இருக்கிறது, ‘டுகெதர்’ மூன்றில் இருக்கிறது. கடைசிப் புத்தகத்தின் தலைப்பில் இரண்டும் சேர்ந்தே வந்துவிடுகின்றன.

இதில் நினைவில் நிற்பவை எவை? ஸ்மக்ளர்ஸ் டாப், கிர்ரின் தீவு, மிஸ்டரி மூர், பில்லிகாக் குன்று, ஃபின்னிஸ்டன் பண்ணை, டீமன்ஸ் ராக்ஸ் என்று இடப்பெயர் தாங்கிய ஆறும் நிற்கும். பெயரைக் கேட்டதும் பாறை, கலங்கரை விளக்கம், சதுப்பு நிலம் என்று படம் விரியும். கூண்டு வண்டி, கூடாரம் என்று கைக்கு அகப்படும் பொருள் உள்ளவையும் நிற்கும்.

நிற்காதவை 1952இல் வந்த ‘ஃபைவ் ஹேவ் எ வொண்டர்ஃபுல் டைம்’, 1955இல் வந்த ‘ஃபைவ் ஹேவ் ப்ளென்ட்டி ஆஃப் ஃபன்’. முதலாவதில் விஞ்ஞானிகள் காணாமல் போகிறார்கள்; நெருப்பு விழுங்குபவரும் பாம்பாட்டியுமாகச் சந்தைக் கூத்தாடிகள் வருகிறார்கள்; பாழடைந்த கோட்டை ஒன்று இருக்கிறது. இரண்டாவதில் அமெரிக்க விஞ்ஞானி ஒருவரின் மகளைக் கடத்தல்காரர்களிடமிருந்து மறைத்து வைக்கிறார்கள். இரண்டும் நல்ல கதைகள்தான். ஆனால் தலைப்புகள் இரண்டுக்கும் ஒரே பொருள்: ஜாலியாக இருந்தார்கள். இரண்டையும் படித்த பிள்ளையால்கூட எது எது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ‘ஆபத்தில் மாட்டினார்கள்’ (1949), ‘சிக்கலில் மாட்டினார்கள்’ (1958) என்ற ஜோடிக்கும் இதே கதிதான்.

அதே ஆசிரியரின் இன்னொரு தொடரில் இந்தக் குறை இல்லை. 1944 முதல் 1955 வரை வந்த எட்டு சாகச நாவல்களின் தலைப்புகள்: சாகசத் தீவு, சாகசக் கோட்டை, சாகசப் பள்ளத்தாக்கு, சாகசக் கடல், சாகச மலை, சாகசக் கப்பல், சாகசச் சர்க்கஸ், சாகச நதி. மாறுவது ஒரே ஒரு சொல், அதுவும் நேரடியாகக் கதை நடக்கும் இடம். எட்டில் எது வீட்டில் இல்லை என்று பிள்ளை விரல்விட்டுச் சொல்லிவிடும். ஆனால் இந்த முறைக்கு ஆயுள் குறைவு. தீவு, மலை, நதி போல ஒற்றைச் சொல்லில் எழுப்பும் இடங்கள் 15, 20க்கு மேல் தேறாது. எட்டோடு நின்றதால் முறை பிசிறு தட்டாமல் தப்பியது.

கண்ணால் பார்க்கக்கூடிய பொருள்

துப்பறியும் தொடர்களுக்கு இன்னும் பெரிய சோதனை. நான்சி ட்ரூ மூலத் தொடர் 1930இல் பழைய கடிகாரத்தின் ரகசியத்தோடு தொடங்கி 1979க்குள் 56 புத்தகங்கள் ஓடியது. ரகசியம், மர்மம், துப்பு என்ற மூன்றே சொற்களைச் சுற்றித்தான் பெரும்பாலான தலைப்புகள். ‘க்ளூ’ என்ற சொல் மட்டும் பத்துக்கும் மேற்பட்ட தலைப்புகளில் வருகிறது. கேட்டால் சலிப்பாகத் தோன்றும். ஆனாலும் புத்தகங்கள் ஒன்றோடொன்று குழம்புவதில்லை. காரணம், துப்பு எங்கே கிடைக்கிறது என்று தலைப்பே சொல்லிவிடுகிறது: பழைய ஆல்பத்தில், நகைப் பெட்டியில், சாய்ந்த புகைபோக்கியில், வெல்வெட் முகமூடியில். சொல் அலுத்துப்போனாலும் பொருள் அலுக்கவில்லை.

‘த்ரீ இன்வெஸ்டிகேட்டர்ஸ்’ தொடர் ஒரு படி மேலே போனது. 1964இல் தொடங்கிய அந்தத் தொடரின் தலைப்புகளில் ஒரு பொருளும் அதற்குச் சற்றும் பொருந்தாத ஒரு செயலும் சேர்ந்து வரும்: திக்கிப் பேசும் கிளி, கிசுகிசுக்கும் மம்மி, அலறும் கடிகாரம், பேசும் மண்டையோடு, சிரிக்கும் நிழல், இருமும் டிராகன், பயந்த சிங்கம். கடிகாரம் ஏன் அலறுகிறது என்ற கேள்வி அட்டையிலேயே தொடங்கிவிடுகிறது. பொருள்கள் பத்து, செயல்கள் பத்து என்று வைத்துக்கொண்டாலே நூறு சேர்க்கைகள் கிடைக்கும் என்பதால் முறை தீர்ந்துபோவதும் இல்லை. நீண்ட தொடருக்கு இதைவிட உறுதியான தலைப்பு வார்ப்பு வேறொன்று சொல்வது கடினம்.

ஆனால் அதே தொடர் நிலைச்சொல்லில் ஒரு தவறு செய்தது. முழுத் தலைப்பில் ‘ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்’ என்ற திரைப்பட இயக்குநரின் பெயரும் இருந்தது. அவர் 1980இல் காலமானார். அதற்குப் பிறகு வந்த புதுக் கதைகளில் அவர் இடத்துக்கு ஒரு கற்பனைப் பாத்திரம் வந்தது. மறுபதிப்புகளில் அவர் பெயர் தலைப்பிலிருந்து எடுக்கப்பட்டது. ஒரே புத்தகத்துக்கு இரண்டு தலைப்பு வடிவங்கள் நூலகங்களில் தங்கிவிட்டன. உரிமம் வாங்கிப் போடும் பெயரை நிலைச்சொல்லில் சேர்த்தால் எப்போதாவது இந்த நிலை வந்தே தீரும். தொடர் ஓடும் காலம் நீளமானது. ஒப்பந்தங்கள் அவ்வளவு நீளமானவை அல்ல.

‘பேபி சிட்டர்ஸ் க்ளப்’ தொடர் மாறுசொல்லை வேறொரு வேலைக்கு வைத்துக்கொண்டது. 1986இல் தொடங்கி மூலத் தொடரில் 131 புத்தகங்கள். கதையை க்ளப்பில் இருக்கும் ஒவ்வொரு பெண்ணும் முறைவைத்துச் சொல்லுவாள். யார் சொல்கிறாளோ அவள் பெயர் தலைப்பில் இருக்கும்: கிறிஸ்டியின் அருமையான யோசனை, கிளாடியாவும் மர்மத் தொலைபேசி அழைப்புகளும். தனக்குப் பிடித்தவளின் கதைகளை மட்டும் தேடிப் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த ஒரு விதியே வழிகாட்டி.

எண், எழுத்து, நேரம்

மாறுசொல்லையே வரிசை எண்ணாக்கினால் எது முதல், எது அடுத்தது என்ற தொல்லை தீரும். ஆஸ்திரேலியாவின் ஆண்டி கிரிஃபித்ஸும் டெர்ரி டென்டனும் உருவாக்கிய மர வீட்டுத் தொடர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2011இல் 13 மாடி மர வீடு. அடுத்தது 26 மாடி. அதற்கடுத்து 39, 52, 65 என்று ஒவ்வொரு புத்தகத்துக்கும் 13 மாடி ஏறி, 2023இல் 169இல் முடிந்தது. பதின்மூன்றாவது புத்தகம், 13 பெருக்கல் 13. தொடக்கமும் முடிவும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிட்டன. 78 மாடிப் புத்தகம் எத்தனையாவது என்று கேட்டால் பிள்ளை வாய்ப்பாடு சொல்லி ஆறாவது என்று கண்டுபிடித்துவிடும்.

ஆனால் கணினிக்கு வாய்ப்பாடு தெரியாது. தலைப்பை எண்ணாகப் பார்க்காமல் எழுத்தாகப் பார்த்து அடுக்கும் பட்டியலில் இந்தத் தொடர் 104, 117, 13, 130, 143, 156, 169, 26, 39 என்று வரும். எட்டாவது புத்தகம் முதலில் நிற்கும், முதல் புத்தகம் மூன்றாவதாக நிற்கும். தலைப்பில் எண் இருக்கும் தொடருக்கு வரிசை எண்ணைப் பட்டியலில் தனிப் புலத்தில் (அதற்கென்று ஒதுக்கிய கட்டத்தில்) கொடுத்தே ஆக வேண்டும். தலைப்பே போதும் என்று விடக்கூடாது.

எழுத்தை வரிசையாக்கியது ரான் ராயின் ‘ஏ டு இஸட் மிஸ்டரீஸ்’. 1997இல் ‘ஆப்சென்ட் ஆதர்’ என்று ஏ எழுத்தில் தொடங்கி 2005இல் ‘ஜாம்பி ஜோன்’ என்று இஸட்டில் முடிந்தது. இரண்டு சொற்களுமே அந்த எழுத்தில் தொடங்க வேண்டும் என்பது விதி. எக்ஸ் எழுத்தில் ஆங்கிலத்துக்கே சொல் பஞ்சம் என்பதால் ‘எக்ஸ்ட்-அவுட் எக்ஸ்-ரே’ என்று சமாளிக்க வேண்டியிருந்தது. எழுத்து தீர்ந்தபின் வாசகர்கள் மிச்சம் இருந்தார்கள். சிறப்புப் பதிப்புகள் என்று வேறு வரிசையும், மாதப் பெயர்களை வைத்துத் தனித் தொடரும் பின்னால் வந்தன.

தமிழில் இதைச் செய்ய நினைப்பவர்கள் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். நன்னூல் கணக்கில் சொல்லுக்கு முதலில் வரும் எழுத்துகள் 22: உயிர் 12, உயிர்மெய் வரிசைகள் 10. அந்தப் பத்திலும் ங வரிசையில் ‘ஙனம்’ தவிர எதுவும் இல்லை. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது. ட, ர, ல மூன்றையும் பிறமொழிச் சொற்களால் ஒப்பேற்றலாம். ண, ழ, ள முடியவே முடியாது. ஆகவே ‘அ முதல் ன வரை’ என்று தொடரின் பெயரை அறிவித்துவிட்டால் பாதி வழியில் மாட்டிக்கொள்வோம். ‘அ முதல் ஔ வரை’ என்று 12 புத்தகமாக அறிவித்தால் நடக்கும். ஔ என்ற எழுத்துக்கு ஔடதம் இருக்கிறது, ஒரு மருந்தைச் சுற்றிய மர்மத்துக்கு அது நல்ல தலைப்பும்கூட.

மேரி போப் ஆஸ்போர்னின் ‘மேஜிக் ட்ரீ ஹவுஸ்’ இதை நேரத்தை வைத்துச் செய்தது. 1992இல் வந்த முதல் புத்தகத்தில் இருட்டுவதற்கு முன் டைனோசர்கள். அடுத்தடுத்து விடியலில் வீரன், காலையில் மம்மிகள், நண்பகல் தாண்டிக் கடற்கொள்ளையர். யார் அல்லது எது என்பது ஒரு பாதி, எந்த நேரம் என்பது மறு பாதி. நள்ளிரவு, அந்தி, இரவுச் சாப்பாட்டு நேரம் என்று போய், பின்னர் ஞாயிறு, செவ்வாய், புதன், வியாழன் என்று கிழமைகளுக்கும் வந்தது. ஒவ்வொரு தலைப்பிலும் ஒரு தனி விலங்கோ காலமோ இடமோ இருப்பதால் எதுவும் எதோடும் குழம்பாது. இந்த வகையில் மிக நேர்த்தியான தொடர் இது.

குழப்பம் வந்தது வரிசை எண்ணில். 29ஆம் புத்தகத்திலிருந்து கதைகள் நீளமாயின, மெர்லின் என்ற மந்திரவாதி இட்ட பணிகளாக மாறின. பிற்பாடு பதிப்பாளர்கள் அவற்றைத் தனித் தொடராகப் பிரித்து 1 முதல் புதிய எண் போட்டார்கள். பழைய வரிசையில் காலியான 29ஆம் இடத்துக்கு 2017இல் பேஸ்பால் பற்றிய புதுக் கதை வந்தது. இன்று பழைய பதிப்பில் 29 என்று ஒரு புத்தகம், புதிய பதிப்பில் 29 என்று வேறொரு புத்தகம். பிள்ளைக்குப் பரிசு வாங்குபவர்கள் எண்ணை நம்பாமல் தலைப்பை நம்ப வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

சி. எஸ். லூயிஸின் ‘நார்னியா’ தொடரிலும் இதுதான் நடந்தது. 1950 முதல் 1956 வரை ஏழு நூல்கள் வந்தன. ஆறாவதாக வெளிவந்த ‘மேஜிஷியன்ஸ் நெஃப்யூ’ கதைக் காலப்படி முதலாவது. 1994 முதல் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்புகள் கதைக் கால வரிசையை எடுத்துக்கொண்டன; முதலில் எழுதப்பட்ட சிங்கமும் சூனியக்காரியும் அலமாரியும் கதை 2ஆம் எண்ணுக்குப் போனது. அலமாரிக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் உள்ளே போவதுதான் அந்தக் கதையின் உயிர். முன்கதையை முதலில் படிக்கும் பிள்ளைக்கு அந்த வியப்பு கிடைக்காது. வெளியான வரிசையிலேயே எண்ணை விட்டிருக்கலாம்.

ஓசை

லெமனி ஸ்னிக்கெட் பெயரில் 1999 முதல் 2006 வரை வந்த 13 நூல் தொடரில் 12 தலைப்புகள் மோனையால் கட்டப்பட்டவை: ‘ரெப்டைல் ரூம்’, ‘வைட் விண்டோ’, ‘வைல் வில்லேஜ்’, ‘ஹாஸ்டைல் ஹாஸ்பிட்டல்’. சத்யஜித் ராய் தம் ஃபெலூதா துப்பறியும் கதைகள் சிலவற்றுக்கு வங்காளத்தில் இடப்பெயரோடு மோனை சேர்த்தார்: ‘கேங்டோக்கே கொண்டகோல்’, ‘கைலாசே கேலெங்காரி’. இடமும் நினைவிருக்கும், ஓசையும் நினைவிருக்கும்.

மோனை தமிழுக்குச் சொந்தச் சொத்து. தலைப்பை மொழிபெயர்க்கும்போது பொருளை மட்டும் கொண்டுவந்து ஓசையை விட்டுவிடுவது வீண் நட்டம். ‘வைல் வில்லேஜ்’ என்பதை ‘கொடூரக் கிராமம்’ என்று எழுதினால் இரண்டும் ககர வரிசைதானே என்று தோன்றும். ஆனால் யாப்பு விதிப்படி கொ, கி இரண்டும் மோனை ஆகாது. உ, ஊ, ஒ, ஓ ஓர் இனம். இ, ஈ, எ, ஏ வேறோர் இனம். ‘கொடூரக் குடியிருப்பு’ என்றால் கொ, கு இரண்டும் ஓரினமாகி மோனை சரியாக விழும். வாய்விட்டுச் சொன்னாலே வித்தியாசம் தெரியும். யாப்பில் ம, வ இரண்டும், ச, த இரண்டும்கூட மோனையாக ஏற்கப்படும். புலவர்களுக்கு அது போதும், எட்டு வயதுப் பிள்ளையின் காதுக்குப் போதாது. சிறுவர் தலைப்பில் ஒரே மெய்யெழுத்து இருப்பதுதான் பாதுகாப்பு.

தமிழில் நிலைச்சொல் படும் பாடு

ஆங்கிலத்தில் ‘ஹாரி பாட்டர்’ என்ற பெயர் ஏழு தலைப்பிலும் உருமாறாமல் நிற்கிறது. நடுவில் ‘அண்ட்’ தனிச் சொல். தமிழில் ‘உம்’ தனியாக நிற்காது, பெயரோடு ஒட்டிக்கொள்ளும்: ஹாரி பாட்டரும் நெருப்புக் கோப்பையும். பாட்டர் என்பது பாட்டரும் ஆனதும் இரண்டு வேலைகள் கெடுகின்றன. அட்டையில் பெயரை முத்திரை எழுத்தாக வரைந்து வைத்தவர் கடைசி எழுத்தை மாற்றி மறுபடி வரைய வேண்டும். தேடல் பெட்டியில் ‘பாட்டர்’ என்று புள்ளியோடு தட்டினால் ‘பாட்டரும்’ அகப்படாமல் போகலாம், ஏனென்றால் யுனிகோடில் ‘ர்’ என்பதும் ‘ரு’ என்பதும் வேறு வேறு எழுத்துச் சரங்கள்.

புதிதாகத் தமிழில் தொடர் தொடங்குபவர்கள் இதை முன்கூட்டியே தவிர்க்கலாம். நிலைச்சொல் எந்தத் தலைப்பிலும் வேற்றுமை உருபோ உம்மோ ஏற்காமல் எழுவாயாகவே நிற்கும்படி வார்ப்பை அமைக்க வேண்டும். ‘ஐவரின் தீவு’, ‘ஐவருக்கு வந்த கடிதம்’ என்றால் நிலைச்சொல் ஒவ்வொரு முறையும் வேஷம் மாறுகிறது. ‘புதையல் தீவில் ஐவர்’, ‘பாறைக் கோட்டையில் ஐவர்’ என்றால் மாறுவது முன்னால், மாறாதது பின்னால். காதுக்கும் தமிழாக இருக்கிறது. ‘ஐவர் தீவுக்குப் போகிறார்கள்’ என்று வினையில் முடித்தால் செய்தித்தாள் தலைப்பு போலாகிவிடும்.

நிலைச்சொல் பின்னால் போவதற்கு ஒரு விலை உண்டு: அகர வரிசையில் தொடர் சிதறும். அதற்கு மருந்து, தொடரின் பெயரை அட்டையின் மேல்வரியிலும் பட்டியலின் தொடர்ப் புலத்திலும் தனியாகக் கொடுப்பது. நூலகங்கள் பயன்படுத்தும் மார்க் முறையில் தலைப்புக்கு 245ஆம் புலம், தொடர்க் குறிப்புக்கு 490ஆம் புலம். தொடர்ப் பெயரைத் தலைப்புப் புலத்திலேயே ஒட்டவைத்துவிட்டால், ஒரு பதிப்பில் ‘தொடர்ப் பெயர்: தலைப்பு’ என்றும் இன்னொரு பதிப்பில் தலைப்பு மட்டும் என்றும் பதிவாகி, ஒரே புத்தகம் இரண்டாகத் தெரியும்.

ஒற்று இன்னொரு பிசகு. மேலே சொன்ன சாகசத் தொடரில் தீவுக்கு முன் த், கோட்டைக்கு முன் க், மலைக்கு முன் எதுவும் இல்லை. ஓர் அட்டையில் ஒற்றுப் போட்டு அடுத்ததில் விட்டுவிட்டால் அடுக்கி வைத்த புத்தகங்களின் முதுகுகளில் அது பளிச்சென்று தெரியும். ரகசியமா இரகசியமா, மர்மத்தீவு சேர்த்தா பிரித்தா என்பதையெல்லாம் முதல் புத்தகம் அச்சுக்குப் போகும் முன்பே ஒரு தாளில் எழுதி வைத்துவிட வேண்டும். 12ஆம் புத்தகம் வரும்போது முதல் புத்தகத்தைத் திருத்தியவர் இருக்க மாட்டார், அந்தத் தாள் இருக்கும்.

மரபுத்தொடரில் அமைந்த மாறுசொற்கள்தான் மொழிபெயர்ப்பில் அதிகம் அடிபடுபவை. ‘டைரி ஆஃப் எ விம்பி கிட்’ தொடரில் ‘லாஸ்ட் ஸ்ட்ரா’, ‘டாக் டேஸ்’, ‘தேர்ட் வீல்’ என்று பெரும்பாலும் இரண்டே சொல்லில் ஆங்கில வழக்குகள் வருகின்றன. சொல்லுக்குச் சொல் மாற்றினால் கடைசி வைக்கோல், நாய் நாட்கள், மூன்றாம் சக்கரம்; ஒன்றுக்கும் பொருள் இல்லை. ஜெர்மன் பதிப்பு முதல் புத்தகத்துக்கே ‘முட்டாள்கள் நடுவில் சிக்கினேன்’ என்ற பொருளில் புதுத் தலைப்பு வைத்துக்கொண்டது. அதுதான் நேர்மையான வழி. ஹாரி பாட்டர் ஏழாம் நூலில் ‘ஹாலோஸ்’ என்ற சொல் பல மொழிகளுக்குள் வராது என்பதால், ‘மரணத்தின் புனிதச் சின்னங்கள்’ என்ற பொருளில் மாற்றுத் தலைப்பை ஆசிரியரே மொழிபெயர்ப்பாளர்களுக்குக் கொடுத்தார். முதல் நூலின் ‘ஃபிலாசஃபர்ஸ் ஸ்டோன்’ அமெரிக்கப் பதிப்பில் 1998இல் ‘சார்சரர்ஸ் ஸ்டோன்’ ஆனது; தமிழுக்கு அந்தச் சங்கடம் இல்லை, ரசவாதக் கல் என்ற சொல் ஆயத்தமாக இருக்கிறது.

முதல் புத்தகத்துக்கு முன்னால் செய்ய வேண்டியது

இரண்டு தலைப்புகள் ஒரே மாதிரி அமைந்தால் தற்செயல். மூன்றாவதும் அப்படியே வந்தால் வாசகர்களுக்கு அது விதியாகிவிடும், பிறகு மாற்றினால் தவறு போலத் தெரியும். அதனால் சோதனையை முதல் புத்தகத்துக்கு முன்பே செய்ய வேண்டும். கதை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நினைத்திருக்கும் வார்ப்பில் 20 தலைப்புகளை எழுதிப் பாருங்கள். பன்னிரண்டுக்கு மேல் கை நின்றுவிட்டால் அந்த வார்ப்பு நீண்ட தொடருக்கு ஆகாது. எழுதிய இருபதில் ஒன்றையொன்று இடம் மாற்றினாலும் பொருந்துகிற ஜோடிகளை அடித்துவிடுங்கள். ‘பெரும் ஆபத்து’, ‘எதிர்பாராத ஆபத்து’ இரண்டில் ஒன்றுதான் இருக்கலாம். மிச்சத்தை இரண்டு மூன்று பிள்ளைகளிடம் ஒரு முறை வாசித்துக் காட்டி, ஒரு வாரம் கழித்து எவை நினைவிருக்கின்றன என்று கேளுங்கள். திரும்பி வருபவை பெரும்பாலும் பொருளும் இடமும் விலங்கும் உள்ளவையாகத்தான் இருக்கும். சாகசம், வியப்பு, மகிழ்ச்சி என்ற சொற்கள் உதிர்ந்திருக்கும்.

தலைப்பின் நீளத்தைத் தீர்மானிப்பது புத்தகத்தின் முதுகு. 96 பக்கப் புத்தகத்தில் 48 தாள்கள். 80 கிராம் தாளில் முதுகின் அகலம் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர். கீ, கூ, ழு போன்ற எழுத்துகளின் மேல் கொம்பும் கீழ் வளைவும் வெட்டுப்படாமல் இருக்க வேண்டும் என்றால் எழுத்தின் உயரம் 3 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது, ஒரு வரிக்கு மேல் இடமும் இல்லை. அந்த ஒரு வரியில் வரிசை எண், மாறுசொல், பதிப்பகச் சின்னம் மூன்றும் உட்கார வேண்டும். இடம் போதாதபோது நிலைச்சொல்லை விட்டுவிட்டு மாறுசொல்லைப் பெரிதாகப் போடுவதே சரி. முதுகின் நிறமும் எழுத்துருவும் தொடரைச் சொல்லிவிடும். எந்தப் புத்தகம் என்று சொல்ல மாறுசொல்லைத் தவிர வேறு எதுவும் கிடையாது. ‘ஒரு’ என்ற சொல்லில் தலைப்பைத் தொடங்காமல் இருப்பதும் நல்லது. ஆங்கிலத்தின் ‘தி’ என்பதை அடுக்கும்போது ஒதுக்கிவிட நூலகப் பட்டியலில் ஏற்பாடு இருக்கிறது. ‘ஒரு’ என்பதை எல்லோரும் அப்படி ஒதுக்குவதில்லை, புத்தகங்கள் ஒகரத்தில் போய்க் குவியும்.

கடைசிப் புத்தகத்தின் தலைப்பையும் அந்த இருபதோடு சேர்த்து யோசித்துவிட வேண்டும். ஸ்னிக்கெட் தொடரில் 12ஆம் நூலின் பெயரிலேயே ‘கடைசிக்கு முந்திய’ என்ற சொல் இருக்கிறது. 13ஆம் நூலின் பெயர் ‘தி எண்ட்’, முடிவு. 12 புத்தகங்களாக விடாமல் வந்த மோனை அங்கே அறுந்துபோகிறது, பக்கத்தைத் திறக்கும் முன்பே பிள்ளைக்குப் புரிந்துவிடுகிறது. பிளைட்டனின் ‘மேலரி டவர்ஸ்’ பள்ளித் தொடர் 1946இல் ‘முதல் பருவம்’ என்று தொடங்கி, வகுப்பு வகுப்பாக ஏறி, 1951இல் ‘கடைசிப் பருவம்’ என்று ஆறாவது நூலில் நின்றது. 2009இல் வேறொரு எழுத்தாளர் அந்தத் தொடரை மறுபடி திறந்தபோது, கதாநாயகியின் தங்கை அதே பள்ளியில் இன்னும் படித்துக்கொண்டிருந்தது கைகொடுத்தது. புத்தகத்தின் பெயர் ‘மேலரி டவர்ஸில் புதிய பருவம்’.